கிட்டங்கியில் இருந்த இரண்டு பெட்டிகள்

அரக்கு உருகும் மணம். போன மாதம் நெய்யாற்றின்கரை கோர்ட்டு வராந்தாவில் என்னை நடக்கவிடாமல் நிறுத்தியது அதுதான். வெல்லப்பாகு கருகத் தொடங்கும்போது வருகிற இனிப்பு, அதற்கு அடியில் எதுவோ உயிருள்ளது எரிகிற கசப்பு. ஜப்தி செய்கிற ஆமீன் ஒருவர் தரையில் குத்தவைத்து, ஒரு தோல்பெட்டியின் பூட்டுமேல் சிவப்பாகச் சொட்டவிட்டுக்கொண்டிருந்தார். வளைகுடாவில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஊரை ஏமாற்றியவனுடைய பெட்டி. உள்ளே மற்றவர்களின் பாஸ்போர்ட்டுகள். பம்பாயில் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

பிடித்தது, நான் விட்டுவந்த அதே ஆபீசில் இப்போது இருக்கும் அஜயன். ஐம்பத்து மூன்று வயதில் நான் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியபோது அவனிடம்தான் சாவியைக் கொடுத்தேன். எங்கள் வேலை ஒன்றேதான். ஒருவன் ஏமாற்றி எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிய பொருளைத் தேடிப் பிடித்து, உடையவர் கையில் சேர்ப்பது. அவனுக்கு டெலிபோன் உண்டு, டெலக்ஸ் உண்டு. எங்களுக்கு பஸ் கண்டக்டர்கள் இருந்தார்கள்.

"சாரே, ஒரு சம்சயம்" என்றான் அஜயன். "பழைய கட்டெல்லாம் எடுத்து அடுக்கினோம். உங்க மனு அம்புட்டும் மூணு பாஷையில கெடக்கு. மலையாளம், தமிழு, இங்கிலீசு. கோர்ட்டு ஒண்ணுதான கேட்டுது? உங்களுக்குக் காயிதம் சும்மா கிடைச்சுதா?"

கூட நின்ற ஜூனியர்கள் சிரித்தார்கள். எனக்கு மூணு நாக்கு வக்கீல் என்று ஒரு பெயர் உண்டு என்பது எனக்கும் தெரியும்.

"பெறவு செல்லுதேன் மக்கா" என்று வந்துவிட்டேன். சொல்ல நாக்கு எழவில்லை. மூன்றில் ஒன்றுகூட. ஆகவே எழுதுகிறேன்.

சட்டம் படித்தது திருவனந்தபுரத்தில். அதைப் பற்றி எழுத அதிகமில்லை. மழை, சாயா, மனப்பாடம். பட்டத்தோடு பாறசாலைக்குத் திரும்பி வந்து, அதியன்னூர் போகிற ரோட்டில் இருந்த வேலுப்பிள்ளை வக்கீலின் ஆபீசில் சேர்ந்தபோது எனக்கு இருபத்தைந்து வயது. அவரிடம் ஜூனியராக ஏழு வருடம்.

என் சீனியரின் பாஷை எது என்று யாராலும் சொல்ல முடியாது. மலையாளத்தில் தொடங்கித் தமிழில் முடிப்பார். கோபம் வந்தால் இரண்டும் நின்று இருமல் மட்டும் வரும். அவர் உட்கார்ந்து எழுதி நான் பார்த்ததில்லை. வக்கீல் உட்கார்ந்தால் கட்சிக்காரனும் உட்கார்ந்துவிடுவான் என்பார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே நடந்துகொண்டே சொல்வார், நான் எழுதுவேன். நடக்கும்போது மூக்குக் கண்ணாடியைக் கூஜாத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் ஈரத்தோடு மாட்டிக்கொள்வார். கன்னத்தில் தண்ணீர் வழியும். முதல்முறை வருகிற கட்சிக்காரர்கள் தங்கள் கதையைக் கேட்டு வக்கீல் அழுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏமாந்து வருகிறவர்கள் எல்லாரும் ஆளைப் பற்றித்தான் பேசுவார்கள். அவன் எப்படிச் சிரித்தான், எப்படிச் சத்தியம் செய்தான். சீனியர் கையைக் காட்டி நிறுத்துவார். "ஆள் பிறகு. சாதனம் இப்போ எங்கெ கெடக்கு?" பொருள் இருக்கிற இடம் தெரியாவிட்டால் போய்த் தெரிந்துகொண்டு வரச் சொல்வார். தெரிந்தால் அடுத்தது: "கண்ணை மூடு. சாதனம் முன்னால இருக்கு. அடையாளம் செல்லு."

நெல் குத்துகிற மில்லின் எஞ்சினை வாடகைக்கு எடுத்துச் செங்கோட்டைக்கு அப்பால் கொண்டுபோய்விட்ட ஒருவனுடைய வழக்கு நான் சேர்ந்த வருடம் வந்தது. மில்காரர் கண்ணை மூடினார். நம்பரைச் சொல்ல முடியவில்லை. ஆனால் எண்ணெய்த் தொட்டிக்கு அடியில், கை மட்டும் போகிற இடத்தில், மைத்துனன் ஒருநாள் வெல்டிங் வைத்தது கோணிப்போய்ப் பூரான் மாதிரி ஒரு தழும்பு இருக்கிறது என்றார். நம்பரை அழித்துப் புதுச் சாயம் அடித்திருந்த எஞ்சினுக்கு அடியில் நான் படுத்துக் கையை விட்டேன். பூரான் இருந்தது. அன்று சட்டைமுழுக்க எண்ணெயோடு, மில்காரரின் அருகில் லாரியில் உட்கார்ந்து மலையைத் தாண்டி வந்தபோது, உலகத்தில் இதைவிட நல்ல தொழில் இல்லை என்று நினைத்தேன். இன்னும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால்தான் விட்டுவந்த பிறகு இத்தனை ஏக்கம்.

இனி அந்த வழக்கு.

எங்கள் எல்லைக்கு அப்போது இடம் நிச்சயமாகவில்லை. தமிழ் பேசுகிற தாலுக்காக்கள் மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து மதராஸ் மாகாணத்தோடு சேரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த வருடங்கள். கோடு எங்கே விழும், வீட்டுக்குத் தெற்கேயா வடக்கேயா, கிணறு ஒரு பக்கமும் அடுப்பு ஒரு பக்கமும் ஆகிவிடுமா என்று சாயாக்கடையில் விரலால் மேசையில் தண்ணீர்க்கோடு இழுத்துச் சண்டை போடுவோம். எனக்கு அந்தக் கோடு வடக்கே நெய்யாற்றையும் தாண்டி விழவேண்டும். தெற்கே போலீஸ் துப்பாக்கி வெடித்துப் போராட்டக்காரர்கள் விழுந்தார்கள் என்ற செய்தி வந்த வாரம், பாறசாலை வாசகசாலையில் நாங்கள் எட்டுப் பேர் ஒரு சபதம் எடுத்தோம். இனி எந்த அதிகாரிக்கும் தமிழில் அல்லாமல் காகிதம் எழுதுவதில்லை. எட்டுப் பேரில் வக்கீல் நான் ஒருவன். கோர்ட்டுக் காகிதமும் அதில் அடங்கும் என்று நானே எழுந்து சொன்னேன். சொல்லும்போது மேசையில் ஓங்கித் தட்டினேன். அப்படி ஒரு வயது.

கடையடைப்பும் பஸ் நிறுத்தமுமாக இருந்த ஒரு வியாழக்கிழமை, இரண்டு பெண்கள் உதியன்குளங்கரையிலிருந்து நடந்தே ஆபீசுக்கு வந்தார்கள். ஒருவர் ரெத்தினபாய் டீச்சர். அங்கே பழைய மிஷன் கோயிலை ஒட்டி முப்பத்தோரு பெண்கள் ரேந்தை பின்னுகிற வீடு ஒன்றை நடத்திவந்தார். என் வயதுதான் இருக்கும். மற்றவர் அங்கே பின்னுகிற ஏசுவடியாள். ஐம்பது வயது, வெற்றிலைச் சிவப்பு வாய்.

லேஸ் என்கிற இந்த ரேந்தை இரண்டு மூன்று நாளில் முடிகிற வேலை அல்ல. உருளைத் தலையணைமேல் ஒரு மாதிரி அட்டையைப் பொருத்துவார்கள். அட்டையில் ஊசித் துளைகளால் பூவோ கொடியோ குத்தியிருக்கும். துளைகளில் குண்டூசி நட்டு, நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை அந்த ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட்டு முறுக்க வேண்டும். அட்டை இல்லாவிட்டால் ரேந்தை இல்லை. அந்த வீட்டு அட்டைகள் முதன்முதல் மிஷன் மதாமாக்கள் கொண்டுவந்தவை. பிறகு இந்தப் பெண்களும் இவர்களுடைய அம்மாமாரும் குத்திச் சேர்த்தவை.

தூத்துக்குடியிலிருந்து செல்வநாயகம் என்ற ஏஜென்ட் ஒருவன் மூன்று வருடமாக ஒழுங்காக வந்து சரக்கு எடுத்தவன். கொழும்பில் ஒரு பொருட்காட்சி, மாதிரி அட்டைகளையும் காட்டினால் பெரிய ஆர்டர் வரும் என்று சொல்லி, ஒரு வருடம் பின்னிய ரேந்தையை ஒரு பெட்டியிலும் அட்டைகளை மற்றொரு பெட்டியிலும் வாங்கிக்கொண்டு போனான். பதினைந்து நாளில் திருப்பித் தருவதாகக் கையெழுத்தும் வைத்தான். மூன்று மாதமாகியும் காணவில்லை. கொடுத்த முகவரியில் ஒரு உப்பு வியாபாரி இருந்தார்.

"ஆள் பிறகு" என்று சீனியர் தொடங்குவதற்குள் ஏசுவடியாள் முந்திக்கொண்டார். "சாதனம் குழித்துறையில இருக்கு வக்கீலே. கொப்பரை மூட்டை அடுக்குத கிட்டங்கியில. என் மருமவன் கண்டக்டராக்கும். பஸ்ஸு இல்லாம நடந்து வந்தான், பாத்திருக்கான். அந்தத் தொலைஞ்சுபோவான் ஒளிச்சு வச்சிருந்த ரெண்டு பெட்டியும் எடுக்க வந்து மாட்டிக்கிட்டு, பஸ்ஸு எப்ப விடுவாவன்னு தினமும் ஸ்டாண்டுல வந்து நின்னு சமரக்காரனைத் திட்டுதானாம். நாங்கதான் சமரக்காரனுக்கு விளக்கு வைக்கணும்."

எனக்குச் சிலிர்த்தது. எங்கள் போராட்டம் ஒரு திருடனைக் கட்டிப் போட்டிருக்கிறது!

சீனியர் கண்ணாடியைக் கழுவி மாட்டிக்கொண்டு டீச்சரிடம் சொன்னார். "கண்ணை மூடுங்கோ. பெட்டி திறந்தாச்சு. செல்லுங்கோ."

டீச்சர் கண்ணை மூடினார். விரல்கள் மேசைமேல் ஏறின. இல்லாத குச்சிகளை இடது வலமாக மாற்றிப் போட்டன. அப்புறம்தான் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். திராட்சைக் கொடி, எட்டிதழ்ப் பூ, மீன்செதில். "மூலை திரும்பும்போ ஏசுவடியாள் அக்கா ஒரு முறுக்குக் கூடப் போடுவாவ. செல்லத்தாய்க்கு நூல் இறுக்கம். பொன்னம்மைக்கு எடது கைப்பழக்கம், அவ இலை எல்லாம் எதிர்ப்பக்கம் சாயும். யாரு பின்னினதுன்னு பாக்காமச் செல்லுவேன் சாரே."

"அட்டைப் பெட்டியில?"

அதையும் சொன்னார். கடைசியில் விரல்கள் நின்றன. "ஒண்ணு உண்டு. அது இன்னும் பின்னாதது. நான் குத்தினது."

"என்ன பூ?"

"பூ இல்ல. நெய்யாறு வளஞ்சு போவுதில்லியா, அமரவிளைப் பாலத்துக்கு மேலே நிண்ணு பாத்தா தெரியும், அது. கரைக்கு வைக்கதுக்கு." கண்ணைத் திறந்தபோது என்னைப் பார்த்தார். நான் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

ரேந்தை மட்டும் கிடைத்து அட்டைகள் போனால் முப்பத்தோரு பேரும் தலையணையை மூட்டைகட்டி வைக்கவேண்டியதுதான் என்று ஏசுவடியாள் சொன்னார். அதில் இருபது பேருக்காவது வேறு வேலை தெரியாது.

சீனியர் நடந்துகொண்டே முடிவு செய்தார். வழக்கு நாளையே போட வேண்டும். அதோடு தீர்ப்புக்கு முன்னாலேயே இரண்டு பெட்டிகளையும் ஜப்தி செய்ய ஒரு மனுவும், டீச்சர் சத்தியம் செய்து கையொப்பமிடுகிற வாக்குமூலமும். பஸ் ஓடத் தொடங்குமுன் உத்தரவு கையில் வந்தாக வேண்டும். பஸ் ஓடினால் நாகர்கோவில், பிறகு ஆரல்வாய்மொழி தாண்டினால் மதராஸ் மாகாணம், தூத்துக்குடியில் ஏறினால் சிலோன். பிறகு எந்த ஆமீன் போவான்?

அந்த நேரத்தில்தான் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து ஆள் வந்தது. சீனியரின் அக்கா புருஷன் இறந்துவிட்டார். சீனியர் படியிறங்கிக்கொண்டே சொன்னார். "எடோ தாணு, வழக்கம்போல மலையாளத்தில எழுதி, நாளை முதல் மணிக்கு பெஞ்சில வச்சிரு. அலங்காரம் வேண்டாம்."

நான் தமிழில் எழுதினேன்.

காரணங்கள் எல்லாம் வைத்திருந்தேன். கையொப்பமிடுகிறவர் தமிழ் பேசுகிறவர், சத்தியம் அவர் மொழியில்தான் இருக்க வேண்டும். ரேந்தைக்கும் மூலைத் திருப்பத்துக்கும் முறுக்குக்கும் எனக்கு மலையாளத்தில் சொல் வரவில்லை. எல்லாம் உண்மை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த உண்மை, வாசகசாலை மேசையில் ஓங்கித் தட்டிய கை. இன்னும் அடியில், டீச்சர் அதை வாசிப்பார் என்பது. சாயங்காலம் முழுவதும் அடித்து அடித்து எழுதினேன். ஒரு வாக்கியத்தை, பெண்களின் விரல்கள் முப்பத்தோரு விதமாகப் பேசுகிற வாக்கியத்தை, ஏழு முறை மாற்றினேன். என் வாழ்க்கையில் அதைப்போல் ஒன்றை மறுபடி எழுதியதில்லை.

வெள்ளி காலை டீச்சர் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டு மாமரத்தடியில் அதை வாசித்தார். மெதுவாக, உதடு அசைய.

"நல்லா இருக்கு சாரே. கோயில்ல வாசிக்கலாம்போல இருக்கு." மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "ஆனா அவிய இத எடுப்பாவளா? மலையாளத்தில இருந்தாலும் நான் ஒப்பு போடுவேன். எனக்குப் பெட்டி வந்தாப் போதும்."

"எடுக்க வைப்பேன் டீச்சர்."

ஒப்பிட்டார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அன்று கோர்ட்டில் எனக்கு யாரும் கெடுதல் செய்யவில்லை. குமாஸ்தா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "கூட ஒரு மலையாளம் வச்சா ஒக்கும் வக்கீலே, நானே எழுதித் தாறேன்" என்றார். நான் மாட்டேன் என்றேன். முன்சீப் இன்னும் தன்மையாகச் சொன்னார். "மொழிபெயர்த்து வச்சிட்டு வாங்க. ஊணு கழிஞ்சு முதல்ல இதை எடுக்கலாம்." இரண்டு மணி நேர வேலை. நான் நின்ற இடத்திலிருந்து பேசத் தொடங்கினேன். இந்தத் தாலுக்காவில் பிறந்து இந்தத் தாலுக்காவில் ஏமாந்த ஒருவருடைய மொழி இந்தத் தாலுக்காக் கோர்ட்டுக்கு அந்நியம் அல்ல. என் கையால் நானே மொழிபெயர்ப்பு வைத்தால் மூலம் செல்லாது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். வேண்டுமானால் கோர்ட்டு தன் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு செய்துகொள்ளட்டும்.

ஜன்னல்களில் ஆள் நிறைந்துவிட்டது. கைதட்டல் எழுந்தது. டவாலி சேவகன் "எலே, சத்தம் போடாதுங்கலே" என்று ஓடினான். முன்சீப் ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்ப உத்தரவு, திங்கட்கிழமைக்கு வாய்தா என்று எழுதினார். மொழிபெயர்ப்பாளர் இருந்தது தெற்கே. பஸ் இல்லாததால் அவர் மூன்று நாளாக வரவில்லை. வராந்தாவில் என்னை இரண்டு பேர் தோளில் தூக்கினார்கள். உயரத்திலிருந்து டீச்சரைத் தேடினேன். வெயில் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பாறசாலைச் சாயாக்கடையில் இருந்தேன். ரோட்டில் ஆரவாரம். இரண்டு நாள் பஸ் விடலாம் என்று சமரக் கமிட்டி சொல்லிவிட்டதாம், ஜனம் அரிசி வாங்க வேண்டாமா. முதல் பஸ் தெற்கே போனது. பையன்கள் விசிலடித்தார்கள். நானும் எழுந்து நின்று கை வீசினேன். வீசிய கை மேலேயே நின்றது.

ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு ஒற்றசேகரமங்கலத்துக்கு மிதித்தேன். கிழக்கே போகப்போக ஏற்றம். ரப்பர் மரங்களுக்கு நடுவே பாதை. எத்தனை தடவை இறங்கித் தள்ளினேன் என்று நினைவில்லை. துக்க வீட்டில் சீனியர் ஈரவேட்டியோடு முற்றத்தில் நின்றார். சொன்னேன். கையை நீட்டினார். தமிழ் வாக்குமூலத்தின் நகலை நின்றபடியே முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். அந்த வாக்கியத்தில் கொஞ்சம் நின்றார்.

"நல்ல தமிழாக்கும்" என்றார். பிறகு, "எடோ, பெட்டிக்குக் கால் முளைச்சாச்சு. உன் காகிதத்துக்கு எப்போ முளைக்கும்?"

அதற்குமேல் திட்டவில்லை. அக்கா மகனிடம் ஒரு நோட்டுப்புத்தகம் கேட்டு வாங்கினார். சாவுக்கு வந்தவர்களுக்கு விரித்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, முழங்கால்மேல் நோட்டை வைத்து, தன் கையால் மலையாளத்தில் எழுதினார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டி எழுத்துக் கலைந்த இடத்தில் திரும்ப எழுதினார். நான் பக்கத்தில் நின்றேன். வேலுப்பிள்ளை வக்கீல் உட்கார்ந்து எழுதி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கள் காலை கோர்ட்டு கூடிய கொஞ்ச நேரத்தில் உத்தரவு கிடைத்தது. மத்தியானம் குழித்துறையில் இருந்தோம். அந்தக் கோர்ட்டு ஆமீன், நான், டீச்சர், ஏசுவடியாள். கிட்டங்கிக்காரர் கொப்பரை மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பெட்டியைக் காட்டினார். ஒன்றுதான். பெரிது.

"சின்னப் பெட்டிய அவரு கையில எடுத்துக்கிட்டுச் சனிக்கிழமை முதல் வண்டியிலயே போய்ட்டாரே. இதுக்கு ஆள் விடுதேன்னாரு."

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

பெட்டியைத் திறந்ததும் கிட்டங்கிக்காரர் புதுப்பாட்டு எடுத்தார். இது தன் மகள் கல்யாணத்துக்கு நாகர்கோவிலில் வாங்கியது என்றார். ஆமீன் தலையைச் சொறிந்தார். "ரேந்தை எல்லாம் பாத்தா ஒண்ணுபோலத்தான அம்மா இருக்கு. நான் எப்படி மகஜர் எழுத?"

டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டார். கையைப் பின்னால் நீட்டினார். "ஒண்ணொண்ணாத் தாருங்க."

ஆமீன் ஒரு துண்டை வைத்தார். விரல்கள் அதன் ஓரமாக ஓடி ஒரு மூலையில் திரும்பின. "ஏசுவடியாள் அக்கா."

"நான்தாம்லே அது!" என்றார் ஏசுவடியாள் கிட்டங்கிக்காரரைப் பார்த்து. "உன் மவளுக்கு நான் எப்பம்லே பின்னித் தந்தேன்? கல்யாணத்துக்கு ஒரு வாழையிலைகூடப் போடலியே எனக்கு!"

அடுத்தது செல்லத்தாய். அடுத்தது பொன்னம்மை, இலை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. ஆமீன் ஒவ்வொரு பெயராக எழுதினார். கொப்பரைத் தூசியில் எல்லாருக்கும் கண் கரித்தது. ஒரு துண்டைத் தொட்டதும் டீச்சரின் விரல்கள் நகரவில்லை. திரும்பவும் முதலிலிருந்து தடவினார்.

"இது அன்னம்மை."

ஏசுவடியாள் சிலுவை போட்டதுபோல் நெஞ்சில் கை வைத்தார். "அவ மரிச்சு ஆறு மாசமாச்சே."

ஆமீன் பேனாவை எடுத்துவிட்டார். "மரிச்சவிய பேரை மகஜர்ல எப்படி எழுத?"

"உயிரோட இருக்கும்போதான் பின்னினா" என்றார் டீச்சர். "எழுதுங்க."

எழுதினார். கிட்டங்கிக்காரர் அதற்குமேல் மகளைப் பற்றிப் பேசவில்லை. மூடி, பூட்டி, அரக்கு வைத்தோம்.

சின்னப் பெட்டிக்காக சீனியர் தூத்துக்குடிக்குத் தந்தி கொடுத்தார். தோணி போயிருந்தது. கொழும்பில் ஒரு வக்கீலுக்கு எழுதினார். அவர் அட்டைகளின் பட்டியலை இங்கிலீசில் கேட்டார். அது போய், பதில் வந்து, மறுபடி போயிற்று. மாதங்கள். ஆளைப் பிடித்தார்கள். அட்டைகளை அவன் வந்திறங்கிய வாரமே ஒரு பட்டறைக்கு விற்றிருந்தான், அது கை மாறிக் கை மாறி எங்கோ போய்விட்டது. ஆள் கிடைத்து சாதனம் கிடைக்காத வழக்கு சீனியரின் கட்டுகளில் அது ஒன்றுதான். என்னால் வந்தது. மூன்று நாள். அந்த மூன்று நாளைத்தான் நான் பிறகு ஒவ்வொரு மனுவிலும் மூன்று மொழியாக வைத்து வைத்துத் தீர்க்கப் பார்த்தேன் அஜயா. எந்தக் கதவு எந்த மொழிக்குத் திறந்தாலும் என் காகிதம் உள்ளே போயிருக்க வேண்டும். தீரவில்லை.

ஒரு ஐப்பசியில் கோடு விழுந்தது. குழித்துறை அடங்கிய விளவங்கோடு தமிழ்ப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். பாறசாலை கடந்து சைக்கிளில் கொஞ்சம் மிதித்தால் வேறு ராஜ்யம். அன்று நான் வீட்டுக்குள் படுத்துக் கிடந்தேன். ரேந்தைப் பெட்டி குழித்துறைக் கோர்ட்டுக் காவலில், வழக்கு நெய்யாற்றின்கரையில். தீர்ப்பு எங்களுக்குத்தான் ஆயிற்று. ஆனால் ஒரு ராஜ்யத்தின் தீர்ப்பு அடுத்த ராஜ்யத்துக் கோர்ட்டுக்கு முறைப்படி போய்ச் சேர்ந்து பெட்டி விடுபட வேண்டும். சீனியர் ஜன்னலோரம் நின்று சொன்னார். "இப்போ எழுதெடோ உன் தமிழ்ல. அவிடே அது செல்லும்." எழுதினேன். மூன்றிலும் எழுதினேன். அவர் பார்த்துவிட்டு மூன்றிலும் கையொப்பமிட்டார்.

பெட்டி வந்த அன்று அந்தப் பெண்கள் தரையில் சுற்றி உட்கார்ந்து, பின்னிய ரேந்தையைக் காகிதத்தின்மேல் விரித்து, கண்ணிகளுக்குள் ஊசி குத்திக் குத்திப் புது அட்டைகள் எடுத்தார்கள். திராட்சைக் கொடி வந்தது. எட்டிதழ்ப் பூ வந்தது. அன்னம்மையின் துண்டிலிருந்து மீன்செதில் வந்தது. வேலை மறுபடி ஓடத் தொடங்கியது. இன்னும் பின்னாத நெய்யாறு மட்டும் வரவில்லை. டீச்சர் பலமுறை குத்திப் பார்த்தார், நான் போகும்போதெல்லாம் ஒரு தாள் சுருண்டு கிடக்கும். "வளைவு வருது சாரே, தண்ணி வரல்ல" என்பார்.

அப்படி எத்தனை முறை போனேன்! வழக்குக்கு வேண்டியதைவிட அதிகம். முற்றத்தில் நின்று, வேண்டாத ஒரு ஒப்பைக் கேட்டு, குச்சிகள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்தைக் கேட்டுத் திரும்பி வருவேன். அவர் கோயில் வேறு, என் கோயில் வேறு. அந்தக் காலத்தில் அது ஒரு பெரிய ஆறு. நீந்தியவர்கள் உண்டு. நான் கரையில் நின்று சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடம் தெற்கே ஒரு மிஷன் பள்ளியில் ரேந்தை கற்றுக்கொடுக்க டீச்சரைக் கூப்பிட்டார்கள். போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. கடிதம் எழுதினேன், பல. ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியம் சரியாக வரவில்லை. எல்லாம் என்னிடமே இருக்கின்றன.

அவர் போன நாள் களியக்காவிளை வரைக்கும் கூடப் போனேன். புதுச் செக்போஸ்டின் மூங்கில் குறுக்குக் கம்பு, அதற்கு இந்தப் பக்கம் நாகர்கோவில் பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றது. தகரப்பெட்டியை மேலே ஏற்றியாயிற்று. ஏசுவடியாள் ஜன்னல் வழியாக ஒரு பொட்டலம் அவியல் கிழங்கைத் திணித்துவிட்டு மூக்கைச் சிந்தினார். எனக்கு நேரம் இல்லை என்று தெரிந்தது.

"டீச்சர், அன்னைக்கு நான் மலையாளத்தில எழுதியிருந்தா ரெண்டு பெட்டியும் கிடைச்சிருக்கும். மத்தியானமே உத்தரவு தாறேன்னாங்க. நான்தான் மாட்டேன்னேன். உங்ககிட்ட செல்லணும்னு நெனச்சு..."

"எனக்குத் தெரியும் சாரே. நானும் ஜன்னல்லதான நிண்ணேன்." கொஞ்சம் சிரித்தார். "நானும் கைதட்டினேன். என் பெட்டின்னு அப்போ எனக்கே ஓர்மை வரல்ல."

கண்டக்டர் விசில் ஊதினான். மூங்கில் கம்பு உயர்ந்தது. நான் பஸ்ஸோடு நடந்தேன்.

"காயிதம் போடட்டா டீச்சர்?"

ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டு சொன்னார்.

"போடுங்க சாரே. ஆனா முதல்ல கொண்டுபோய்த் தபால்ல சேத்திருங்க. நல்ல வார்த்தை பெறவு யோசிக்கலாம்."